பெற்றோல் மூடிக்கு ஒரு பூட்டு

ஒரு லீற்றருக்கு இருபது கிலோமீற்றர் ஓடிக்கொண்டிருந்த என்னுடைய சின்னக் கார், பதினான்குக்கு இறங்கியது. என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியங்களில் ஒன்று, அந்த ஆறு கிலோமீற்றரைத் தேடிப் போனபோதுதான் நடந்தது.

அது எண்ணூறு சிசி கார். பின்னால் மூன்று பேர் ஏறினால் முழங்கால் முட்டும். எனக்கு வீடு குறிஞ்சிப்பிட்டியில், வேலை புத்தளத்தில் ஒரு பாடசாலையில். கணிதம் படிப்பிக்கிறேன். போக வர எழுபத்தெட்டு கிலோமீற்றர். நாட்டில் பெற்றோல் இல்லாமல் போய், பிறகு போனில் கியூஆர் காட்டினால் கிழமைக்கு இருபது லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம் அது. இருபதை இருபதால் பெருக்கினால் நானூறு. ஐந்து நாள் பாடசாலைக்கு முந்நூற்றுத் தொண்ணூறு போதும். எனக்காகவே யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்த்து வைத்ததுபோல இருந்தது. ஞாயிறு பூசைக்கு மட்டும் நடந்து போவோம்.

பிறகு ஒரு புதன்கிழமை, பின்னேரம் வீட்டுக்கு வரும் வழியில் பெற்றோல் முள் சிவப்பைத் தொட்டது. அந்த வாரம் வியாழனும் வெள்ளியும் பஸ்ஸில் போனேன். கற்பிட்டியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊருக்கு வரும்போதே மிதிபலகை வரைக்கும் நிறைந்திருக்கும். ஒரு கையில் பாடக் குறிப்பும் மறு கையில் கம்பியுமாகத் தொங்கிக்கொண்டு போய், முதல் பாடத்துக்குப் பிந்தி நின்றேன். அடுத்த வாரமும் அதே கதைதான்.

நான் சும்மா இருக்கவில்லை. கார் வைத்திருக்கும் சக ஆசிரியர்கள் சொன்ன வைத்தியம் எல்லாவற்றையும் செய்தேன். முதலில் டயருக்குக் காற்று அடித்தேன். பின் டயர்கள் இரண்டும் பாதிதான் இருந்தன. எயார் பில்டரைக் கழற்றித் தட்டினேன். ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. நம்முடைய மண் அப்படி. மூடி வைத்த அலுமாரிக்குள்ளும் போய்விடும். பில்டரையும் பிளக்குகளையும் புதிதாகப் போட்டேன். டிக்கியில் கிடந்த பாரத்தை இறக்கினேன். பழைய பரீட்சைத் தாள் கட்டுகள், இரண்டு தேங்காய், அரை மூட்டை சீமெந்து. சீமெந்து எப்போதோ இறுகிக் கல்லாகியிருந்தது. எத்தனை மாதமாக அந்தக் கல்லைப் புத்தளத்துக்கும் வீட்டுக்குமாக ஏற்றி இறக்கியிருக்கிறேனோ தெரியாது.

ஏசியை நிறுத்தினேன். கண்ணாடியைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து காரை இழுத்துப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னதால் கண்ணாடியையும் மூடிக்கொண்டு ஓட்டினேன். காலைக் கூட்டத்துக்குப் போய் நிற்கும்போது சேட்டு முதுகோடு ஒட்டியிருக்கும். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. பின்னால் மீன் லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டே முந்திப் போகும். இவ்வளவுக்கும் கிடைத்தது அரைக் கிலோமீற்றர். பதினான்கு, பதினாலரை ஆனது. அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் கார் சட்டென்று வேகம் குறைவதையும் கவனித்தேன். அது கச்சான் காற்றுக் காலம். எதிர்க்காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கார் நின்ற இடத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு றோட்டிலிருந்து உள்ளே இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஒழுங்கை முழுக்க மணல். காரை இறக்கினால் சில்லு புதைந்துவிடும். ஒழுங்கையின் வாயிலில், றோட்டோரமாக ஒரு பெரிய வளவு. அது ஒரு வெங்காயத் தோட்டக்காரருடையது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்த முஸ்லிம் மனிதர். நான் அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைச் சேர் என்பார். அவருடைய வளவில் சீமெந்துத் தரை போட்ட பெரிய கொட்டில் ஒன்று இருந்தது. பிடுங்கிய சிவப்பு வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டி அதற்குள் தொங்கவிட்டுக் காயவைப்பார். நான் கார் வாங்கிய அன்றே அவராக வந்து, "சேர், மழையிலயும் வெயில்லயும் றோட்டுல விட வேணாம். கொட்டில்ல ஒரு பக்கம் விடுங்க" என்றார். இரண்டு வருடமாக அங்கேதான் நின்றது. வாடகை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை.

காரின் இரண்டாவது சாவியை நானே அவரிடம் கொடுத்திருந்தேன். வெங்காயம் ஏற்ற லொறி வந்தால் காரை விலக்க வேண்டும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி, நியூட்ரலில் போட்டு, மகனோ மருமகனோ யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு தள்ளுவார்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் காரை எடுக்கப் போனபோது அவர் வந்து நின்றார்.

"சேர், சனிக்கிழம லொறி வந்திச்சி. காரை அந்தப் பக்கம் தள்ளினோம். ரெண்டு பேர் தள்ளியும் லேசுல அசையல்ல. ஹேண்ட் பிரேக்க எறக்கித்தான் தள்ளினேன். எங்கயோ புடிச்சிக்கிட்டு இரிக்கி. ஒருக்கா பாருங்க."

"மணல்ல புதைஞ்சிருக்கும் நானா."

"இது சீமெந்துத் தரதானே சேர்."

நான் சிரித்துவிட்டு ஏறினேன். காரை ஸ்டார்ட் பண்ணியதும் என் கண் முள்ளுக்குப் போனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பெற்றோல் அடித்துக்கொண்டு வந்து விட்டபோது முள் மேல் கோட்டுக்குச் சரியாக நின்றது. இப்போது ஒரு விரல் அகலம் கீழே. அவர் சொன்னதில் 'புடிச்சிக்கிட்டு இரிக்கி' என்பது என் காதில் விழவே இல்லை. 'காரைத் தள்ளினோம்' என்பதுதான் விழுந்தது. சாவி அவரிடம் இருக்கிறது. சனிக்கிழமை காரைத் திறந்திருக்கிறார்.

கொட்டிலில் கார் புதிதாக நின்ற பக்கம் தரை சரிவு. சரிவில் நின்றால் தாங்கியில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கும், முள் வேறு இடம் காட்டும். பிள்ளைகளுக்குக் கனவளவு படிப்பிக்கிற எனக்கு அது தெரியாததல்ல. அன்றைக்கு அதை நினைக்க எனக்கு விருப்பம் இருக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எனக்குச் சாட்சியாகவே தெரிந்தது. கொட்டில் தூணில் ஒரு ஆணியில், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு ஆள் நீளத்துக்குச் சுருட்டித் தொங்கியது. கிட்டப் போய் மணந்து பார்த்தேன். பெற்றோல். அதன் கீழே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கான். அதுவும் பெற்றோல். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. ஊரில் பாதித் தோட்டம் எண்ணெய் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்த நேரம் அவருடைய மோட்டர் மட்டும் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஓடியது. பாடசாலை விட்டு வரும்போது அந்தச் சத்தம் கேட்டால், ஓடுவது என்னுடைய பெற்றோல்தான் என்று எனக்குள் பற்றிக்கொண்டு வரும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள், அகப்பையை அப்படியே வைத்துவிட்டாள்.

"உங்களுக்கு என்ன நடந்தது? ரெண்டு வருஷமா அங்கதானே நிக்குது. ஒரு நாள் ஒரு துளி குறைஞ்சதா?"

"அப்ப பெற்றோல் செட்டில கேட்ட அளவு கிடைச்சது. இப்ப கிடைக்குதில்லை."

"அப்ப நேர கேளுங்கோ."

"என்னெண்டு கேக்கிறது? கள்ளன் எண்டு முகத்துக்கு நேர சொல்லச் சொல்லுறியா?"

"சந்தேகம் எண்டா வாய் திறந்து கேக்கத்தான் வேணும். கேக்க ஏலாதெண்டா சந்தேகப்படக் கூடாது."

நான் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை புத்தளத்தில் வாகன உதிரிப்பாகம் விற்கும் கடையில் பூட்டு வைத்த பெற்றோல் மூடி ஒன்று வாங்கினேன். என் காரில் இருந்தது சும்மா திருகி மூடுகிற மூடி. கேட்டுச் சண்டை பிடிப்பதைவிட இது நாகரிகமானது என்று வழி முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொட்டிலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்துப் போனேன். பழைய மூடியைக் கழற்றிப் புதியதைப் போட்டு, சாவியைத் திருகி, ஒருமுறை திறந்தும் பார்த்தேன். திரும்பவும் பூட்டும்போது பின்னால் சைக்கிள் நின்ற சத்தம் கேட்டது. அஸர் தொழுதுவிட்டு வந்திருந்தார். தலையில் தொப்பி. ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என் கையிலிருந்த சின்னச் சாவியைப் பார்த்தார்.

"புது மூடியா சேர்?"

"ஓம் நானா. பழசு ஒழுகுது."

அவர் கண் ஆணியில் தொங்கிய குழாய்க்குப் போனது, பிறகு கானுக்கு, பிறகு திரும்பவும் என் முகத்துக்கு. நான் குனிந்து, கைலேஞ்சியால் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

"நல்லம். பூட்டு இரிக்கிறது நல்லம்" என்றார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.

அடுத்த நாள் காலை நான் காரை எடுக்கப் போனபோது கொட்டில் வெறுமையாக இருந்தது. குழாய் இல்லை, கான் இல்லை. மண்வெட்டிகள், சாக்குக் கட்டு, தராசு, மருந்தடிக்கும் தாங்கி, எதுவும் இல்லை. வெங்காயப் பிடிகள் கட்டித் தொங்கவிடும் மரக் கம்புகளைக்கூடக் கழற்றியிருந்தார். தரையைக் கூட்டியிருந்தது. அவ்வளவு பெரிய கொட்டிலுக்குள் என்னுடைய கார் மட்டும் நின்றது.

அவர் வேலியோரம் காத்துக்கொண்டு நின்றார். கையில் என் காரின் இரண்டாவது சாவி.

"இத வெச்சிக்கோங்க சேர். லொறி இனி உள்ளுக்க வராது. றோட்டுலயே ஏத்திக்கிறோம்."

"ஏன் நானா? சாமான் எல்லாம் எங்க?"

"பின்னுக்குக் கொண்டு போட்டேன். பரவாயில்ல சேர், நீங்க வழம போல விடுங்க."

குரலில் கோபம் இருக்கவில்லை. ஏசியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், அதோடு விஷயம் வெளியே வந்திருக்கும். நான் சாவியை வாங்கிக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். குற்றம் இருந்தபடியால்தான் ஒளிக்கிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நினைத்தது நினைத்ததுதான்.

பூட்டுப் போட்ட வாரம் கார் ஓடியது லீற்றருக்குப் பதின்மூன்று. முன்னையதைவிட ஒன்றரை குறைவு. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இனிப் பெற்றோல் செட்டில் அளவைக் குறைக்கிறார்களோ என்று அவர்களையும் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

அவர் அந்தப் போகத்து வெங்காயத்தை வளவின் பின்னால், தென்னை மரங்களுக்கு நடுவே கம்பு கட்டி, மேலே நீலத் தறப்பாள் இழுத்துத் தொங்கவிட்டார். மழை இல்லாத காலம், சமாளிக்கலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் ஒரு நாள் பின்னேரம் யாரும் எதிர்பாராமல் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. ஒரு மணித்தியாலம்தான் பெய்திருக்கும். காற்று தறப்பாளைக் கிழித்து வேலியில் கொண்டு போய்ப் போட்டது. வெங்காயம் முழுக்க நனைந்தது. மறுநாள் காலை அவருடைய மனைவி, மகள்மார், மருமகன் எல்லோரும் பிடிகளை அவிழ்த்து மணலில் பரப்பி, நல்லதையும் கெட்டதையும் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவி கேட்காமலே போய் அவர்களோடு குந்திவிட்டாள். நான் றோட்டில் பஸ்ஸுக்கு நின்றபடி அதைப் பார்த்தேன். என் பின்னால் கொட்டிலுக்குள் கார் ஒரு துளி நனையாமல் நின்றது. இரண்டு மூன்று நாளில் அழுகிய வெங்காயத்தின் நாற்றம் எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

"எவ்வளவு போச்சுதாம்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"போய்க் கேளுங்கோ" என்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மனைவிக்குச் சிலாபம் ஆஸ்பத்திரியில் கண் கிளினிக். அந்த வாரம் முழுக்க பஸ்ஸில் போய்ப் பெற்றோலை மிச்சம் பிடித்து, வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக் காரில் கூட்டிப் போனேன். சிலாபத்துக்குக் கிட்டப் போகும்போது ஏதோ கருகுகிற மணம். மனைவிதான் முதலில் சொன்னாள். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், பின்பக்கச் சில்லு ஒன்றிலிருந்து மெல்லிய புகை வந்தது. கையை வைக்க முடியாத சூடு.

கொஞ்சத் தூரத்தில் ஒரு கராஜ் இருந்தது. மெல்ல உருட்டிக்கொண்டு போனோம். கராஜ்காரர் சிங்களவர், தமிழ் நன்றாகக் கதைத்தார். அவர் ஒரு கருவியும் எடுக்கவில்லை. காரை நியூட்ரலில் போடச் சொல்லிவிட்டுப் பின்னால் கையை வைத்துத் தள்ளினார். கார் அசையவில்லை. பிறகு ஜக் அடித்துத் தூக்கிச் சில்லை இரண்டு கையாலும் சுற்றினார். கிறீச்சென்று கால்வாசி சுற்றி நின்றது. மறுபக்கச் சில்லும் அப்படித்தான்.

"சேர் எங்க இருந்து?"

"கற்பிட்டிப் பக்கம்."

"அதுதான். கடல் காத்து, உப்பு. ஹேண்ட் பிரேக் கேபிள் உள்ளுக்குத் துரு புடிச்சிருக்கு. நீங்க கீழ எறக்கினாலும் அது எறங்கிறதில்ல. பிரேக்க அமத்திக்கிட்டே ஓடியிருக்கீங்க. பெற்றோல் குடிச்சிருக்குமே?"

"குடிச்சது."

"எவ்வளவு காலமா?"

"மூண்டு மாசம் இருக்கும்."

அவர் நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். "மூணு மாசமா ஒருத்தரும் தள்ளிப் பாக்கல்லியா சேர்? தள்ளினவுடனே தெரியுமே."

மனைவி பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தாள். நானா சொன்னதை நான் அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தேன், காரைத் தொட்டதற்குச் சாட்சியாக. அவள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அங்கே அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கேபிளைப் புதிதாகப் போட்டு, பிரேக் ஷூக்களைத் துப்புரவாக்கி, இரண்டு மணித்தியாலத்தில் காரைக் கொடுத்தார். "கடற்கரையில வெச்சிருந்தா வாரக்கணக்கா ஹேண்ட் பிரேக் இழுத்துப் போட்டு வெக்காதீங்க. கியர்ல போட்டு, சில்லுக்கு ஒரு கல்ல வைங்க. மாசத்துக்கு ஒருக்கா தள்ளிப் பாருங்க" என்றார். கிளினிக்குக்கு ஆட்டோவில் போன மனைவியைப் போய் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினோம். கார் பஞ்சுபோல ஓடியது. பாலாவிச் சந்திக்கு முன்னால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எதிர்க்காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது, கார் அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. மூன்று மாதமாக நான் ஆசைப்பட்டது அதுதான்.

அன்று பின்னேரமே அவரிடம் போனேன். வளவின் பின்னால் உட்கார்ந்து, மிஞ்சிய வெங்காயத்தின் தாளை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லிப் பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த மரப்பெட்டியில் இருந்தேன்.

"நானா, கார் பிரேக் புடிச்சிருக்காம். அதுதான் பெற்றோல் முடிஞ்சிருக்கு."

"ஓம். அண்டைக்கிச் சொன்னேனே."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல்ல."

அவர் வெட்டிக்கொண்டே இருந்தார்.

"பழைய மூடி ஒழுகல்ல நானா. நான் பொய் சொன்னனான்."

"தெரியும் சேர்."

"மன்னிச்சுக்கொள்ளுங்க."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைச் சாரத்தில் துடைத்தார். "அந்தக் குழாய் என்ட பைக்குக்கு. பைக்குக்குக் கெடைக்கிற பெற்றோல எடுத்து மோட்டருக்கு ஊத்தினேன். நான் சைக்கிள்ல போனேன். நீங்க பாத்திருப்பீங்களே?"

பார்த்திருக்கிறேன். நாலு மாதமாக அவர் பள்ளிவாசலுக்கும் கடைக்கும் தோட்டத்துக்கும் சைக்கிள் மிதிப்பதை நாளுக்கு இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பைக் வைத்திருக்கிறவர் இந்த வயதில் ஏன் மிதிக்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சேர். கேக்காம பூட்டினீங்க. வூட்ல பொண்டாட்டியும் பாத்திச்சி, பொம்புளப் புள்ளைகளும் பாத்திச்சி. 'வாப்பா, சேர் ஏன் பூட்டுப் போட்டிருக்கார்?' எண்டு சின்னவ கேட்டா. நான் என்னத்தச் சொல்றது?"

"நான் காரை எடுத்திர்றன். வெங்காயத்தைக் கொட்டிலுக்குள்ள போடுங்க" என்றேன்.

"இந்தப் போகம் முடிஞ்சிச்சி சேர்."

அதை அவர் சண்டையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே முடிந்திருந்தது. மிச்சம் இருந்தது இரண்டு சாக்குதான்.

உள்ளேயிருந்து அவருடைய மனைவி தேநீர் கொடுத்தனுப்பினார். குடித்தேன். அழுகியதற்கு நான் ஏதாவது செய்கிறேன் என்று சொன்னபோது அவர் கையை உயர்த்தி மறித்தார். "மழ பெய்ததுக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்றார். மழைக்கு நான் பொறுப்பில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். தறப்பாளுக்கு நான்தான் பொறுப்பு என்பதும் தெரியும்.

அடுத்த விடுமுறையில் ஒழுங்கைக்கு இரண்டு லோட் கிறவல் மண் இறக்கிப் பரப்பி, காரை என் வாசலுக்குக் கொண்டுவந்தேன். பெட்டி நிறைய மண் அள்ளிக் கொட்டிய களைப்பில் வேலியோரம் நின்றபோது, இதை இரண்டு வருடத்துக்கு முன்பே செய்திருக்கலாம் என்று மனைவி சொன்னாள். பாடசாலை திரும்பவும் தொடங்கிய வாரம் இருபது லீற்றரில் நானூற்று ஐந்து கிலோமீற்றர் ஓடினேன். பாடசாலையில் எப்படித் திருத்தினாய் என்று கேட்டார்கள். கேபிள் என்று மட்டும் சொன்னேன். அடுத்த போகத்தில் அவருடைய கொட்டில் கூரை வரைக்கும் வெங்காயத்தால் நிறைந்தது. எனக்கு அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

எங்களுக்குள் பேச்சு அறவில்லை. றோட்டில் கண்டால் சிரிப்பார், சுகம் கேட்பார். பெருநாளைக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வரும், நத்தாருக்கு நாங்கள் கொடுப்போம். இரண்டாவது மகளின் கலியாணத்துக்கும் அழைத்தார். ஆனால் முன்பென்றால் அவர் வேலிக்கு மேலால் எட்டிக் கூப்பிட்டு, "சேர், அடுத்த மாசம் எதையும் வெச்சிக்க வேணாம்" என்றிருப்பார். இந்தத் தடவை கார்ட்டில் என் பெயரை முழுசாக எழுதி, கழுத்துவரை பொத்தான் போட்ட சேட்டோடு வந்து, நின்றபடியே தந்துவிட்டுப் போனார்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, நான் முகம் மழித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டோச் சத்தம் கேட்டது. மனைவி ஓடிவந்து, "ராத்தாவுக்கு மூச்செடுக்க ஏலாமல் இருக்காம்" என்றாள். நானாவின் மனைவியை அவள் ராத்தா என்றுதான் கூப்பிடுவாள். பாதி முகத்தில் சவர்க்காரத்தோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நானா தன் மனைவியைத் தாங்கிப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நானா, காரை எடுக்கிறன். சீற்றைச் சாய்ச்சுப் படுத்துக்கொண்டே போகலாம். ரெண்டு நிமிஷம்."

"வேணாம் சேர். ஆட்டோ வந்திட்டுது. நீங்க ஸ்கூலுக்குப் போங்க."

ஆட்டோ போய்விட்டது. ஐம்பதடி தூரத்தில் கார் நின்றது. தாங்கி நிறையப் பெற்றோல் இருந்தது. அந்த மனிதர் கற்பிட்டியிலிருந்து ஆட்டோவைப் போன் பண்ணி அழைத்து, அது வந்து சேரும்வரை மூச்சு முட்டும் மனைவியோடு வாசலில் காத்திருந்திருக்கிறார்.

பாடசாலை விட்டதும் நேரே புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தார். இரண்டு நாள் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்களாம். கடையில் தேநீரும் பணிசும் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்தில் இருந்து, மழை, மருந்து விலை, வெங்காய விதை என்று ஏதேதோ கதைத்தோம்.

"துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டா எனக்குப் போன் பண்ணுங்க. நானே ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போறன்" என்றேன்.

"பாப்போம் சேர். இன்ஷா அல்லாஹ்."

மூன்றாம் நாள் பாடம் முடிந்து போனபோது கட்டிலில் வேறொரு பெண் படுத்திருந்தார். காலையிலேயே ஆட்டோவில் போய்விட்டதாகத் தாதி சொன்னார். கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்பி வந்தேன். மற்றச் சீற்றுகள் எல்லாம் காலியாக, முப்பத்தொன்பது கிலோமீற்றர் தனியே ஓட்டிக்கொண்டு வந்து, அவருடைய வீட்டுக்குப் போனேன். கதிரை போட்டார். அவருடைய மனைவிக்கு இப்போது சுகம் என்றார். "நீங்க மெனக்கெட்டு ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கீங்க சேர், சொல்லத் தவறிட்டேன்" என்று வருத்தப்பட்டார். மிக மரியாதையாகத்தான் சொன்னார்.